சர்வைவல் ஹாரர் விளையாட்டுகள் எதனால் உண்மையிலேயே பயமுறுத்துகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வைவல் ஹாரர் என்று எந்த விளையாட்டுகளைச் சொல்கிறார்கள்?

எதிரியை அழிப்பதைவிட எதிரியிடமிருந்து தப்பிப் பிழைப்பதையே முதல் வேலையாக வைக்கும் திகில் விளையாட்டுகளுக்கு இந்தப் பெயர். ஷின்ஜி மிகாமியின் இயக்கத்தில் 1996இல் கேப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் இந்தச் சொற்றொடரைத் தனக்குள்ளேயே எழுதிக்கொண்டு வந்ததால் பெயர் நிலைத்துவிட்டது. பெயர்தான் அப்போது வந்ததே தவிர, சரக்கு அதற்கு முன்பே இருந்தது. பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனம் 1992இல் வெளியிட்ட அலோன் இன் தி டார்க், கேப்காமே 1989இல் வெளியிட்ட ஸ்வீட் ஹோம் ஆகிய இரண்டையும் விளையாடிப் பார்த்தவர்கள், ரெசிடென்ட் ஈவிலின் மாளிகைக்குள் நுழைந்ததும் பழைய உறவினர் வீட்டுக்கு வந்ததுபோல் உணர்வார்கள்.

பேயும் பிணமும் இருட்டும் இருந்தால் எந்த விளையாட்டும் இதில் சேர்ந்துவிடுமா?

சேராது. 2005இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4 இதற்கு நல்ல சான்று. கேமராவை நாயகனின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து, குறிபார்த்துச் சுடுவதை இன்பமான காரியமாக்கி, விழும் எதிரிகளிடமிருந்தே தோட்டாக்கள் கிடைக்கும்படி செய்தார்கள். அதற்குப் பிறகு வந்த பல அதிரடி விளையாட்டுகள் அதைப் பார்த்தே எழுதின. அது அற்புதமான விளையாட்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கூட்டமாக வருபவர்களைக் கண்டதும் "எப்படித் தப்புவது" என்று கேட்ட மனம், சில மணி நேரத்தில் "எதை வைத்துச் சுடலாம்" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கேள்வி மாறிய இடத்தில் அச்சம் விடைபெற்றுக்கொள்கிறது.

திகில் படம் பார்ப்பதற்கும் திகில் விளையாட்டு விளையாடுவதற்கும் அப்படி என்ன வேறுபாடு?

திரையில் ஒருத்தி நிலவறைக் கதவைத் திறக்கப் போகும்போது "போகாதே" என்று நாம் மனத்துக்குள் கத்துகிறோம். நாம் கத்தினாலும் கத்தாவிட்டாலும் அவள் போய்விடுவாள். கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் கட்டமும் நம்மைக் கடந்துவிடும். விளையாட்டில் நாம் போகாவிட்டால் யாரும் போகப்போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாலும், திறக்கும்போது அதே கதவு அதே இடத்தில் நமக்காகக் காத்திருக்கும். கெட்டது நடக்கும் என்று தெரிந்தே அதற்குள் நம் கையாலேயே நம்மைத் தள்ளிக்கொள்ள வேண்டியிருப்பதுதான் இந்த வகையின் அடிப்படை, மற்ற உத்திகள் எல்லாம் அதன்மேல் கட்டப்பட்டவை.

ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ரிக்ஷனல் கேம்ஸ் 2010இல் வெளியிட்ட அம்னீஷியா: தி டார்க் டிசென்ட் இதைக் கதவிலேயே காட்டிவிடுகிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் கதவு தானே திறந்துகொள்ளும். இங்கே மவுஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவை இழுக்க வேண்டிய திசையில் கையையும் இழுக்க வேண்டும். மெல்ல இழுத்தால் விரல் அளவு இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்க்கலாம்; அந்த இடுக்கை இன்னும் எவ்வளவு அகலமாக்குவது என்பதை மணிக்கட்டுதான் முடிவு செய்கிறது. ஏதோ ஒன்று பின்னால் துரத்தி வரும்போதும் கதவு இப்படியேதான் திறக்கும். பதற்றத்தில் இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். எழுதுகிற நானும் அவர்களில் ஒருவன்.

திடீரென்று முன்னால் பாயும் உருவம், அதாவது ஜம்ப் ஸ்கேர், பயத்தில் சேராதா?

திடுக்கிடுவது வேறு, அஞ்சுவது வேறு. யாராவது பின்னால் வந்து காதருகே கைதட்டினால் எவரும் துள்ளுவார்கள்; அதற்குக் கதையோ கற்பனையோ தேவையில்லை. ஆகவே அதைச் செய்வது மலிவு, ஆனால் எப்போதுமே வீண் என்று சொல்லிவிட முடியாது. 1996 ரெசிடென்ட் ஈவிலில் ஒரு நடைக்கூடத்தைக் கடக்கும்போது நாய் சன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. ஆனால் அதன்பின் அந்த மாளிகையில் உள்ள எந்தச் சன்னலையும் நாம் சும்மா கடக்க மாட்டோம். அந்த ஒரு நொடி, மீதமுள்ள பல மணி நேரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறது.

2002இல் நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்காக அதே விளையாட்டை மறு ஆக்கம் செய்தபோது இன்னும் நுட்பமாக விளையாடினார்கள். பழைய விளையாட்டை அறிந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நடைக்கூடத்துக்குள் நுழைகிறார். கண்ணாடியில் விரிசல் விழுகிறது, நாய் வருவதில்லை. அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, வேறு வேலைகளையெல்லாம் முடித்து, பிறகொரு முறை அதே வழியாகத் திரும்பும்போதுதான் அது வருகிறது.

தோட்டா, மருந்து எல்லாவற்றையும் ஏன் இவ்வளவு கஞ்சத்தனமாகக் கொடுக்கிறார்கள்?

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்ற நிலையில் விளையாடுபவரை எப்போதும் வைத்திருப்பதற்காக. ஆனால் வெறும் பஞ்சம் எரிச்சலைத்தான் தரும். கையில் கொஞ்சம் இருக்க வேண்டும், அதை இப்போது செலவழிப்பதா பிறகு செலவழிப்பதா என்ற கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் ரெசிடென்ட் ஈவிலில் நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய இரு பாத்திரங்களில் கிறிஸ் ஆறு பொருள்களையும் ஜில் எட்டுப் பொருள்களையும் மட்டுமே கையோடு கொண்டுபோக முடியும். துப்பாக்கிக்கு ஓர் இடம், தோட்டாவுக்கு ஓர் இடம், மூலிகைக்கு ஓர் இடம் என்று வைத்த பிறகு, வழியில் கிடைக்கப்போகும் சாவிக்கு இடம் இருக்குமா என்ற கவலை வந்துவிடுகிறது.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2002 மறு ஆக்கத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதில் சுட்டு வீழ்த்திய ஜோம்பியை அப்படியே விட்டுவிட்டால், சில காலம் கழித்து அது சிவந்த தலையோடு, நகங்களோடு, முன்னைவிடப் பல மடங்கு வேகமாக எழுந்துவிடும். தலை சிதறியிருந்தால் எழாது; இல்லையேல் உடலின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்த வேண்டும். எண்ணெய்க் குப்பி ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும், அதில் உள்ளது சில உடல்களுக்கே போதும், நிரப்பிக்கொள்ளும் இடங்களும் குறைவு. இனி ஒரு நடைக்கூடத்தில் கிடக்கும் உடலைப் பாருங்கள். இந்த வழியாக நான் எத்தனை முறை திரும்ப வருவேன்? இதை எரித்தால் மாடிப்படி அருகே கிடப்பதற்கு எண்ணெய் இருக்குமா? சுடாமலே சுற்றிக்கொண்டு ஓடியிருக்கலாமோ? வென்ற சண்டையின் மிச்சமே அடுத்த அச்சத்துக்கு விதையாகிவிடுகிறது. கிராபிக்ஸைப் புதுப்பித்தது ஒருபுறம் இருக்க, வெறும் விதி ஒன்றை மாற்றியே பழைய மாளிகை முழுவதையும் புதிதாக அஞ்சும்படி செய்துவிட்டார்கள்.

நினைத்த இடத்தில் சேவ் செய்ய விடாதது பழங்காலத் தொழில்நுட்பக் குறையா?

அது வேண்டுமென்றே வைத்த விதி. ரெசிடென்ட் ஈவிலில் தட்டச்சுப்பொறி இருக்கும் இடத்தில்தான் சேவ் செய்யலாம், ஒவ்வொரு முறையும் ஒரு மை ரிப்பன் செலவாகும், ரிப்பன்களும் எண்ணிக்கையில் குறைவு. எனவே கடைசியாகச் சேவ் செய்து நாற்பது நிமிடம் ஆகிவிட்டது என்றால், பாத்திரத்தின் உயிரோடு நம்முடைய நாற்பது நிமிடமும் பணயமாக இருக்கிறது. கற்பனைப் பாத்திரம் சாவதை நம் உடல் முழுதாக நம்பாது; ஆனால் சொந்த நேரம் வீணாவதை நம்பும். 2014இல் வந்த ஏலியன்: ஐசொலேஷன் இன்னும் ஒரு படி மேலே போனது. சுவரில் உள்ள கருவியில் அட்டையைச் செருகியபின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து முடியும்வரை அசையாமல் நிற்க வேண்டும். உலகம் அதற்காக நின்றுவிடாது. சேவ் செய்துகொண்டிருக்கும்போதே முதுகில் வாங்கிச் செத்தவர்கள் நிறைய.

இதே எண்ணத்தின் மற்றொரு வடிவம் 2008இல் வந்த டெட் ஸ்பேஸ். நாயகனின் உயிர் அளவு அவனுடைய உடையின் முதுகெலும்பில் ஒளிக்கோடாகத் தெரிகிறது, பொருள் பட்டியல் அவன் முன்னால் காற்றில் விரிகிறது, பட்டியலைப் பார்க்கும்போதும் ஆட்டம் நிற்பதில்லை. மெனுவுக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்ற நம் பழைய பழக்கத்தை அது பறித்துவிடுகிறது.

பழைய விளையாட்டுகளின் கேமராவும் கட்டுப்பாடும் மோசம். அதனால்தான் பயமாக இருந்ததா?

ஓரளவுக்கு ஆம். அலோன் இன் தி டார்க்கிலும் ரெசிடென்ட் ஈவிலிலும் பின்னணிகள் முன்கூட்டியே வரைந்து வைத்த படங்கள். ஆகவே கேமரா அறையின் மூலையிலோ கூரையிலோ அசையாமல் நிற்கும். அந்தக் கட்டாயத்தையே அவர்கள் கருவியாக்கினார்கள். நாயகி திரையை நோக்கி நடந்து வருவாள். அவளுக்கு எதிரே நிற்பது அவளுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. இழுத்து இழுத்து வைக்கும் காலடி மட்டும் கேட்கும். அறைக்கு அறை மாறும்போது கருந்திரையில் ஒரு கதவு மெல்லத் திறப்பதைக் காட்டியதும் தகவல்களை ஏற்ற எடுக்கும் நேரத்தை மறைக்கத்தான், ஆனால் அந்தச் சில நொடிகளில் நம் மனம் அந்தப் பக்கத்தைத் தானே நிரப்பிக்கொண்டது.

கட்டுப்பாட்டைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. கை சொன்னதைப் பாத்திரம் செய்யாவிட்டால் கோபம் வரும், பயம் வராது. 1999இல் கொனாமி வெளியிட்ட சைலன்ட் ஹில்லில் ஹாரி மேசன் ஓர் எழுத்தாளர். அவர் குறி தவறுவதும் ஓடியபின் மூச்சு வாங்கி நிற்பதும் அவருக்குப் பொருந்துகின்றன. ரெசிடென்ட் ஈவிலில் பயிற்சி பெற்ற காவல் அதிகாரி திரும்புவதற்கு லாரியைப்போல் வட்டமடிப்பது அப்படிப் பொருந்துவதில்லை.

சைலன்ட் ஹில்லின் மூடுபனி உண்மையில் குறையை மறைக்கப் போட்டதா?

ஆம். முதல் பிளேஸ்டேஷனால் ஒரு நகரத் தெருவை நெடுந்தூரம் வரை வரைந்து காட்ட முடியாது. தூரத்தில் உள்ள கட்டடங்கள் திடீர் திடீரென்று முளைப்பது தெரியாமல் இருக்க, பகலில் பனியையும் இரவில் இருளையும் போட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது போக, இங்கே வெளுத்ததும் பேயாயிற்று. இருட்டில் எதுவுமே தெரியாது என்பதால் நாம் நின்றுவிடுவோம். பனியிலோ பத்தடிக்கு அப்பால் ஏதோ அசைவது மட்டும் தெரியும். அது விளக்குக் கம்பமா வேறொன்றா என்று அறிய இன்னும் இரண்டு அடி வைக்க வேண்டும். ஆளை முன்னால் இழுக்கும் தன்மை பனிக்கு உண்டு, இருளுக்கு இல்லை.

அந்தப் பனி எவ்வளவு வேலை செய்தது என்பது 2012இல் வெளியான எச்டி தொகுப்பில், அதாவது பழைய பாகங்களின் உயர்தெளிவு மறுவெளியீட்டில், தெரிந்துபோனது. இரண்டாம் பாகத்தின் சில இடங்களில் பனி மெலிந்துவிட, ஏரி நீர்ப்பரப்பு ஒரு கோட்டில் வெட்டினாற்போல் முடிவது வெளிப்பட்டது. மேடைக்குப் பின்னால் இருக்கும் தட்டியைப் பார்த்துவிட்டால் பிறகு கூத்தில் மனம் ஒட்டுமா?

ஓசைக்கு எவ்வளவு பங்கு?

பாதிக்கு மேல் என்பேன். ஒலியை முற்றிலும் அணைத்துவிட்டு இந்த விளையாட்டுகளில் ஏதேனும் ஒன்றை அரை மணி நேரம் விளையாடிப் பார்த்தவர் இதை மறுக்க மாட்டார். கண்ணை நாம் விரும்பிய பக்கம் திருப்பலாம், காதை அப்படித் திருப்ப முடியாது.

முழு அமைதியும் முழு இரைச்சலும் இரண்டுமே விரைவில் பழகிவிடும். பழகாமல் இருப்பது அரைகுறைச் செய்தி. சைலன்ட் ஹில்லில் ஹாரியின் கையிலுள்ள சிறிய ரேடியோ, எதிரி அருகில் வந்தால் கரகரக்கும். எந்தத் திசை என்று சொல்லாது, எத்தனை என்று சொல்லாது, எவ்வகை என்றும் சொல்லாது. எச்சரிக்கை கிடைத்துவிட்டது, ஆனால் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. இதற்குப் பின்னால் அகிரா யமாவோகா அமைத்த இசையில் உலோகத்தைத் தட்டுவதும் அறுப்பதுமான தொழிற்சாலை ஓசைகள் வருவதால், கேட்பது இசையா, அடுத்த அறையில் நடக்கும் ஏதோவொன்றா என்றே குழப்பம் வந்துவிடும். 2019இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 மறு ஆக்கத்தில் காவல் நிலையத்துக்குள் நம்மைத் தேடித் திரியும் நெட்டை உருவத்தின் பூட்ஸ் ஓசை இன்னொரு வகை. மாடியில் நடக்கிறானா, சுவருக்கு அந்தப் பக்கமா, இப்போது கதவைத் திறந்தானா என்று கணக்குப் போட்டபடியே புதிரை அவிழ்க்க வேண்டும்; ஓசை நின்றுபோனால் அது அதைவிடக் கொடுமை.

துரத்தும் எதிரி நம்மை ஏமாற்றுகிறதா? நாம் எங்கே இருக்கிறோம் என்று அதற்கு எப்போதும் தெரியுமா?

இதற்குச் சிறந்த விடை ஏலியன்: ஐசொலேஷனில் இருக்கிறது. பிரிட்டனைச் சேர்ந்த கிரியேட்டிவ் அசெம்ப்ளி செய்த அந்த விளையாட்டில், செவஸ்டபோல் என்னும் விண்வெளி நிலையத்தில் நாயகி அமண்டா ரிப்ளியைப் பெரும்பாலும் ஒரே ஒரு வேற்றுலக உயிரி வேட்டையாடுகிறது. அதைக் கொல்ல முடியாது. அதன் நடத்தை இரண்டு அடுக்குகளாக அமைக்கப்பட்டுள்ளது. மேலே ஒரு மேற்பார்வை நிரல்: அதற்கு உயிரி இருக்கும் இடமும் தெரியும், நாம் இருக்கும் இடமும் தெரியும். கீழே உயிரி: அதற்குத் தன் கண்ணும் காதும் மட்டுமே துணை. மேற்பார்வை நிரல் உயிரியிடம் "அந்தப் பகுதிப் பக்கம் போய்ப் பார்" என்ற அளவுக்குத்தான் சொல்லும், இந்த அலமாரிக்குள் இருக்கிறாள் என்று காட்டிக்கொடுக்காது. தேடிக் கண்டுபிடிப்பது உயிரியின் பாடு. அதனால் அது நம்மைக் கண்டுபிடித்தால் ஏமாற்றப்பட்டோம் என்று தோன்றுவதில்லை. ஏதோ சத்தம் போட்டுவிட்டோம் என்றுதான் தோன்றுகிறது.

அதே மேற்பார்வை நிரல் இன்னொரு வேலையும் செய்கிறது. உயிரி நெடுநேரம் நமக்கு அருகிலேயே சுற்றி நெருக்கடி அளவு மீறினால், அதைக் காற்றுக் குழாய்களுக்குள் பின்வாங்கச் செய்கிறது. இது இரக்கம் என்று நினைக்க வேண்டாம். தொடர்ந்து அழுத்தினால் மனம் மரத்துவிடும். மூச்சுவிட விட்டால்தான் அடுத்த அழுத்தம் உறைக்கும். மேலும் உயிரியின் சில பழக்கங்கள் தொடக்கத்தில் பூட்டப்பட்டிருந்து, ஆட்டம் நகர நகர ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. தீயைக் கக்கும் துப்பாக்கியைக் காட்டினால் முதலில் தலைதெறிக்க ஓடும் உயிரி, பிற்பாடு அவ்வளவு எளிதில் அசைந்துகொடுப்பதில்லை. அது நம்மைப் படித்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் வந்தபின், நேற்று பலித்த தந்திரத்தை இன்று நம்பத் துணிவு வராது.

நாம் வைத்திருக்கும் அசைவு காட்டும் கருவியும் இதே நியாயத்தில் அமைந்தது. அசைவதை மட்டுமே அது காட்டும். உயிரி அசையாமல் நின்றால் திரை வெறுமையாக இருக்கும். கருவியைப் பார்க்கும்போது எதிரே உள்ள அறை மங்கிவிடும், அறையைப் பார்த்தால் கருவி மங்கிவிடும். போதாக்குறைக்கு, அருகில் இருந்தால் கருவியின் பீப் ஓசை உயிரிக்கும் கேட்கும். அலமாரிக்குள் ஒளிந்திருக்கையில் அது கதவின் பிளவருகே முகத்தைக் கொண்டுவரும்போது, பின்னால் சாய்ந்து மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். நெடுநேரம் அடக்கினால் உயிர் அளவு கரையும். விட்டால் கேட்டுவிடும், விடாவிட்டால் செத்துவிடுவாய். விளையாடுகிறவரும் தம் நாற்காலியில் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதை அருகிலிருந்து பார்த்தால் சிரிப்பு வரும்.

ஆயுதமே கொடுக்காத விளையாட்டுகள் இன்னும் அதிகமாகப் பயமுறுத்துமா?

தொடக்கத்தில் ஆம், முடிவுவரை என்று சொல்ல முடியாது. அம்னீஷியாவில் கையில் ஒரு விளக்கு மட்டுமே. இருட்டில் நின்றால் மனநிலை சிதையும், வெளிச்சத்தில் நின்றால் கண்ணில் படுவோம், எதிரியை உற்றுப் பார்த்தாலும் மனநிலை சிதையும்; ஆகவே எதற்குப் பயப்படுகிறோமோ அதை நன்றாகப் பார்க்கவே முடிவதில்லை. அதில் நீர் தேங்கிய நிலவறை ஒன்று உண்டு. அங்கே உள்ள எதிரிக்கு உருவமே இல்லை. தண்ணீரில் அதன் காலடிபட்டுத் தெறிக்கும் துளிகளை மட்டும் காணலாம். மிதக்கும் பெட்டிகளின்மேல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வேண்டும். தவறி நீரில் விழுந்த கணம், தூரத்தில் இருந்த தெறிப்பு நம்மை நோக்கித் திரும்புகிறது.

ஆனால் ஓடுவது, ஒளிவது என்ற இரண்டே வழிகள் என்றால், நான்காவது மணி நேரத்தில் அது வழக்கமாகிவிடும். 2013இல் வந்த அவுட்லாஸ்ட்டில் மனநோய் மருத்துவமனைக்குள் இரவுப் பார்வைக் கேமராவோடும் தீர்ந்துகொண்டே வரும் பேட்டரிகளோடும் அலைவது நல்ல கற்பனைதான். எனினும் ஒரே துரத்தலில் ஐந்தாறு முறை செத்தபின் அந்த முரடன் வெறும் தடையாகிவிடுகிறான். எந்த மூலையில் திரும்ப வேண்டும் என்று மனப்பாடம் ஆகும்போது பயம் கரைந்து சலிப்பு ஏறுகிறது. சாவு நெருங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அடிக்கடி வந்துவிடக் கூடாது. இந்த அளவைப் பிடிப்பதுதான் இத்தொழிலில் கடினமான வேலை.

இரத்தமும் தத்ரூபமான கிராபிக்ஸும் தேவையா?

தேவையில்லை. அருவருப்பு வேறு உணர்ச்சி. அது வந்த வேகத்தில் போய்விடும்.

கதை பயத்தைக் கூட்டுமா, அல்லது இடையூறா?

நல்ல கதை, விளையாட்டை அணைத்தபிறகும் வேலை செய்யும். 2001இல் வந்த சைலன்ட் ஹில் 2, இறந்து மூன்றாண்டுகளான மனைவியிடமிருந்து கடிதம் வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஜேம்ஸ் சண்டர்லேண்ட் அந்த ஊருக்கு வருவதோடு தொடங்குகிறது. முதல் சில நிமிடங்கள் ஏரிக்கரைப் பாதையில் வெறுமனே இறங்கிக்கொண்டே இருக்கிறோம், யாரும் தாக்குவதில்லை. இவ்வளவு தூரம் வந்தபின் திரும்பிப் போகவும் மனம் வராது. மசாஹிரோ இட்டோ வடிவமைத்த உருவங்களில் பல, முகம் மறைந்த, தோல் இறுக்கிக் கட்டிய, பெண்ணுடலின் சாயல் கொண்டவை. இவை ஏன் இப்படி இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை ஜேம்ஸின் மனத்துக்குள் இருக்கிறது என்று பாதி வழியில் ஐயம் தட்டும். அதன்பின் எதிரியைவிட, நாம் இதுவரை கையைப் பிடித்து நடத்திவந்த மனிதனிடமே எச்சரிக்கை தேவைப்படுகிறது. விளையாடாதவர்களுக்காக இதற்கு மேல் சொல்லாமல் விடுகிறேன்.

விளையாட்டு நேரடியாக விளையாடுபவரையே மிரட்ட முடியுமா?

2002இல் கேம்கியூபுக்கு வந்த எடர்னல் டார்க்னஸ் அதைச் செய்தது. பாத்திரத்தின் மனநிலை குலையும்போது, தொலைக்காட்சியின் ஒலியை யாரோ குறைப்பதுபோல் திரையில் காட்டும். சேவ் கோப்புகள் அழிக்கப்படுவதாகவும் நம்பவைக்கும். வேடிக்கையான குறும்பு, ஒரு முறைதான் பலிக்கும்.

புதிதாகத் தொடங்குபவர் எதில் தொடங்கலாம், எப்படி விளையாட வேண்டும்?

2019இன் ரெசிடென்ட் ஈவில் 2 நல்ல வாசல். கட்டுப்பாடு இக்காலத்துக்கு ஏற்றது, கஞ்சத்தனம் பழையகாலத்தது. அது பிடித்திருந்தால் 2002 மறு ஆக்கத்துக்குப் போகலாம். ஐசொலேஷனைக் கடினமான நிலையில் விளையாடுவதே சிறப்பு என்று பலர் சொல்வார்கள். முதல் முறைக்கு நடுத்தர நிலையே போதும், அடிக்கடி சாவதால் வரும் சலிப்பைத் தவிர்க்கலாம். ஹெட்ஃபோன் கட்டாயம். திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொள்ள வேண்டாம். "இந்தச் சின்னம் தெரியாத அளவுக்குக் குறைக்கவும்" என்று விளையாட்டு கேட்டால், கேட்டபடியே செய்யுங்கள். வழிகாட்டி வீடியோவை முன்பே பார்த்துவிடாதீர்கள். நடுவில் விட்டுப் பல நாள் கழித்துத் திரும்புகிறவர்கள், பாதுகாப்பான அறையில் சேவ் செய்துவிட்டுப் போவது நல்லது. எண்ணெய் ஊற்றாமல் விட்ட உடல் எந்த நடைக்கூடத்தில் கிடக்கிறது என்பதையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.